புட்டின் உளவாளியா, கோப்புக்காரரா?

பாலமீன்மடுவான்: "எதிரி நாட்டுக்குள் புகுந்து உளவு பார்த்த சிங்கம் புட்டின்" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்பு வந்தது. அவர் 1985 முதல் 1990 வரை இருந்தது ட்ரெஸ்டனில். ட்ரெஸ்டன் கிழக்கு ஜேர்மனி! சோவியத்தின் கூட்டாளி நாடு. மாமியார் வீட்டுக்குள் போவதற்கு மாறுவேடம் எதற்கு?

கல்லடி_சிங்கம்: ஒருவர் என்ன ஒருவர்? நான்தான் எழுதினேன், பெயரைச் சொல்லும். 1989 டிசம்பர் 5 தெரியுமா? பெர்லின் சுவர் விழுந்து ஒரு மாதம்கூட இல்லை. சனம் கிழக்கு ஜேர்மன் ரகசியப் பொலிஸான ஸ்டாசியின் அலுவலகத்துக்குள் புகுந்துவிட்டு, பக்கத்திலிருந்த சோவியத் உளவுத்துறை கேஜிபியின் வீட்டு வாசலுக்கு வந்தது. வெளியே வந்து பேசித் திருப்பி அனுப்பியவர் யார்?

பாலமீன்மடுவான்: "நான் மொழிபெயர்ப்பாளர்" என்று சனத்திடம் சொன்னாரே, அந்தச் சிங்கமா? படை உதவி கேட்டபோது "மொஸ்கோ மௌனமாக இருக்கிறது" என்ற பதில்தான் வந்ததாம். காகிதம் எரித்து எரித்து உலையே வெடித்ததாம். இதெல்லாம் அவரே சொன்னது. கோப்பு எரித்தவர் கோப்புக்காரர்தானே? கேஜிபியை விட்டு வெளியே வந்ததும் லெப்டினன்ட் கேணலாகத்தான். அப்புறம், ட்ரெஸ்டன் கிழக்கு ஜேர்மனி.

அக்கரைப்பற்று_நானா: தம்பிமார், கதை அரசியலைப் பற்றியல்லவா? பல்கலைக்கழகத்தில் புட்டினுக்குச் சட்டம் படிப்பித்த சொப்சாக் 1990இல் லெனின்கிராட் நகரசபைத் தலைவரானதும் புட்டின் அவருக்குக் கீழ் சேர்ந்தார், சொப்சாக் மேயரானபோதும் கூடவே இருந்தார். 1996இல் சொப்சாக் தேர்தலில் தோற்க, மொஸ்கோ போனார். 1998இல் ரஷ்யாவின் உள்நாட்டு உளவுத்துறையான எஃப்எஸ்பியின் தலைவர், 1999 ஓகஸ்டில் பிரதமர், டிசம்பர் 31இல் பதில் ஜனாதிபதி. வாக்குக் கேட்டா இவ்வளவு தூரம் ஏறினார்? அதைப் பேசுங்களேன்.

பாலமீன்மடுவான்: எல்லாம் சரி நானா. ஆனால் ட்ரெஸ்டன் எங்கே இருந்தது? கிழக்கில்.

கல்லடி_சிங்கம்: கிழக்கில் இருந்துகொண்டுதான் மேற்கில் உளவு பார்க்க ஆள் பிடித்தார்கள்! கிழக்கில் இருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது கொழும்பான் கதை. அது சரி, நம்ம மட்டக்களப்பு வாவியில் இரவில் கேட்கிற பாடும் மீனே பொய் என்று எழுதினவர்தானே நீர்?

பாலமீன்மடுவான்: பொய் என்று எப்போது சொன்னேன்? மீனா, சிப்பியா, நத்தையா என்று கேட்டேன். அதற்கு நீர் என்னைத் தடை செய்யச் சொல்லி முறைப்பாடு கொடுத்தீர். மறக்கவில்லை.

கல்லடி_சிங்கம்: பறுவத்துக்கு, பௌர்ணமி இரவுக்கு, கல்லடிப் பழைய பாலத்தடிக்கு வாரும், தோணியில் வைத்துக் காட்டுகிறேன்.

அக்கரைப்பற்று_நானா: புட்டினை விட்டாச்சா?

பாலமீன்மடுவான்: யார் விட்டது? கிழக்கு ஜேர்மனி நானா, கிழக்கு ஜேர்மனி. தோணிக் காசு யார் கொடுப்பது என்று அவரிடம் கேளுங்கள், போன முறையும் நான்தான் கொடுத்தேன்.