பார்பர் வயலின் கான்செர்டோ, கடைசிப் பகுதி: வில் கைக்கு யோசனை தேவை

அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பர் 1939இல் எழுதிய வயலின் கான்செர்டோவின் (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) மூன்றாம் பகுதி பற்றி ஒரு கேள்வி. முதல் இரண்டு பகுதிகளும் பாட்டுப்போல நிதானமானவை; இரண்டாவதில் ஓபோ என்ற குழல் வாத்தியம் தொடங்கிவைக்கும் மெட்டுக்கு ஈடே இல்லை. மூன்றாவதோ நூறு பார்களுக்கு (தாளக் கட்டங்களுக்கு) மேல் நிற்காமல் திஸ்ரத்தில் (அடிக்கு மூன்று ஸ்வரம்) ஓடி, முடிவில் சதுஸ்ரத்துக்கு (அடிக்கு நான்கு) மாறுகிறது.

திஸ்ரத்தில் அடிக்கு மூன்று வில் என்பதால் ஒவ்வொரு இரண்டாவது அடியும் மேல்வில்லில் (வில்லை மேலே தள்ளும் வீச்சில்) விழுகிறது, அழுத்தம் குறைகிறது. மெட்ரோனோமில் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 120 அடி வரை சுத்தம். 160ஐத் தாண்டினால் கட்டைவிரல் இறுகுகிறது. தந்தி மாறும் இடங்களில் இடது விரலை வில் முந்திவிட, ஸ்வரம் கரகரக்கிறது. இடது கையைத் தனியாக, வில்லைத் திறந்த தந்திகளில் தனியாகப் பயின்றும் முழுதாகத் தீரவில்லை.

வாசித்தவர்கள் சொல்லுங்கள்: இந்த வேகத்தில் வில்லைத் துள்ளவிடுவதா, வில்லின் நடுப்பகுதியில் தந்தியோடு ஒட்டியே வைப்பதா? சதுஸ்ரத்துக்கு மாறும் இடத்தில் இழுக்கும் வில்லின் நீளத்தை எவ்வளவு குறைக்கிறீர்கள்?