மகளுக்கு கார் கற்றுத்தர டிரைவிங் ஸ்கூலா, நானேவா?

இரண்டாவது_கியர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 18 வயது. பழகுநர் உரிமம் கைக்கு வந்து பத்து நாள் ஆகிறது, வீட்டில் இப்போது இதுதான் பேச்சு. டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் என்கிறார் மனைவி. நான் 22 வருடமாக ஓட்டுகிறேன், பெரிதாக எங்கும் இடித்ததில்லை, நானே சொல்லிக்கொடுத்தால் போதாதா என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலியான ஒரு மைதானத்துக்கு அழைத்துப் போனேன். வீட்டில் இருப்பது கியர் வண்டி. ஆறு தடவை ஆஃப் ஆனது. அதுவரைக்கும் பொறுமையாகத்தான் இருந்தேன். ஏழாவது தடவை வண்டி துள்ளிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனதும் "கிளட்ச், கிளட்ச்" என்று கத்திவிட்டேன். கத்தியதும் அவள் பயந்துபோய் இரண்டு காலையும் எடுத்துவிட்டாள். ஹேண்ட் பிரேக்கை நான்தான் இழுத்தேன். சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு கை அகலம்கூட இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீடு வரும்வரை கண்ணாடி வழியாக வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தால், கிளட்சை "மெதுவாக விடு" என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் கால் என்ன செய்கிறது என்று எனக்கே தெரியாது, அது பாட்டுக்குச் செய்கிறது. ஆனாலும் முழுக்க வெளியாளிடம் விட மனசு வரவில்லை. அவசர அவசரமாக டெஸ்ட்டுக்குத் தயார் செய்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். ஸ்கூலா, வீடா, இல்லை இரண்டும் சேர்த்தா? சேர்த்து என்றால் எது முதலில்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரட்டை_பிரேக் எழுதியது:

சார், நான் 14 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், அதனால் ஸ்கூல் பக்கம்தான் பேசுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் ஐந்தாறு மணி நேரத்தை மட்டும் எங்களிடம் விடுங்கள், அதற்கப்புறம் நீங்கள் இல்லாமல் முடியாது. காரணம் சொல்கிறேன்.

எங்கள் வண்டியில் என் காலடியிலும் பிரேக்கும் கிளட்சும் இருக்கின்றன. உங்களைவிட நான் பொறுமைசாலி என்பதில்லை, என்னால் வண்டியை நிறுத்த முடியும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் என் குரல் ஏறாது. உங்களுக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது, ஆகவே வாய்தான் பிரேக் ஆகிறது. அந்த நிலையில் யாராக இருந்தாலும் கத்தத்தான் செய்வார்கள்.

கிளட்சுக்கு வருகிறேன். "மெதுவாக விடு" என்பது பிள்ளைக்குப் புரியாது, எதுவரைக்கும் மெதுவாக என்று தெரியாதே. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குதிகால் தரையில் இருக்க, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரவிட வேண்டும். ஓர் இடத்தில் என்ஜின் சத்தம் கனத்து இறங்கும், வண்டி நகரப் பார்க்கும். அங்கேயே கால் நிற்க வேண்டும், அசையக்கூடாது. வண்டி தானாக ஊர்ந்து போகும். நாலடி போனதும் கிளட்சை மிதித்து பிரேக் போட்டு நிறுத்தி, திரும்பவும் அதே. இதை ஓர் இருபது தடவை செய்தால் அந்த இடம் காலுக்குப் பழகிவிடும், அப்புறம்தான் ஆக்ஸிலேட்டர். பெரும்பாலான வீடுகளில் இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்கிறார்கள், வண்டி துள்ளுவது அதனால்தான். தொடங்குவதற்கு முன்னால் சீட்டையும் பாருங்கள், கிளட்சை அடிவரை மிதித்த பிறகும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டிருந்தால் அந்த இடத்தில் நிறுத்தவே முடியாது.

ஸ்கூல் பார்க்கும்போது ஒரே ஒரு நாள் பின்சீட்டில் உட்கார அனுமதி கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதானா, இல்லை மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்குக் கொஞ்ச நேரம் தருகிறார்களா என்று கவனியுங்கள். சொல்லித்தருபவரின் காலையும் பாருங்கள். எந்நேரமும் அவரே மிதித்துக்கொண்டிருந்தால் பிள்ளை ஸ்டீயரிங்கைத் திருப்பக் கற்றுக்கொள்ளுமே தவிர, ஓட்டக் கற்றுக்கொள்ளாது. வகுப்பு முடிந்ததும் இன்று எதில் தடுமாறினாள் என்று கேளுங்கள். அதைச் சொல்ல முடியாதவரிடம் சேர்க்காதீர்கள்.

நான் தருவது மொத்தம் ஒரு 15 மணி நேரம், அதுவும் பகலில், அதே நாலு தெருவில். மழையும் இருட்டும், எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிப்பதும் நீங்கள் கூட இருக்கும்போதுதான் பழக்கமாக வேண்டும்.

மழைச்சாலை எழுதியது:

அண்ணா, உங்கள் மகள் பின்சீட்டில் போய் உட்கார்ந்ததைப் படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் 18 வயதில் அப்பாவிடம்தான் கற்றுக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், நன்றாக ஓட்டுவார், என் மேல் உயிரையே வைத்திருப்பவர். ஆனால் நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தால் அவர் கை ஜன்னலுக்கு மேலே இருக்கும் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கால் தரை விரிப்பை அழுத்தும். அந்த விரிப்பு நகர்ந்து நகர்ந்து சுருண்டுபோயிருக்கும். நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை, அந்தக் கையைத்தான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். கை இறுகினால் பிரேக், தளர்ந்தால் ஆக்ஸிலேட்டர். இப்படியே டெஸ்ட்டும் தேறிவிட்டேன்.

ஒரு நாள் ஒரு நாற்சந்தியில் வண்டி ஆஃப் ஆகி, பின்னால் ஹாரன் மேல் ஹாரன், அப்பா ஒரே ஒரு தடவை "உனக்கெல்லாம் எதுக்கு வண்டி" என்று சொன்னார். அடுத்த நிமிடமே மறந்திருப்பார். நான் ஆறு வருடம் சாவியைத் தொடவில்லை.

வேலைக்குப் போன பிறகு தேவை வந்து, ஒரு பெண் இன்ஸ்ட்ரக்டரிடம் முதலிலிருந்து கற்றேன். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. தப்பு நடந்தால் அந்த இடத்தில் எதுவும் சொல்ல மாட்டார், "முன்னால் ஓரமாக நிறுத்து" என்பார். ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலில் வைத்த பிறகு, "இப்போது நீ எதைப் பார்த்தாய்?" என்று கேட்பார். ஏன் அப்படிச் செய்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஏன் என்று கேட்டால் பயம் வருகிறது, எதைப் பார்த்தாய் என்று கேட்டால் யோசனை வருகிறது. ஓடுகிற வண்டியில் தப்பைப் பற்றிப் பேசினால், பேசி முடிப்பதற்குள் அடுத்த தப்பு வந்துவிடும். நீங்கள் சொல்லிக்கொடுங்கள் அண்ணா, வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி முதலில் அவளிடம் பேசிவிடுங்கள். அப்புறம் ஒன்று, கார் ஓட்டும்போது படிப்பு, மார்க், போன வாரச் சண்டை எதையும் எடுக்காதீர்கள்.

தூரப்பார்வை எழுதியது:

எனக்கு நேர் எதிரான அனுபவம். நான் போன ஸ்கூலில் இரண்டு வாரத்தில் முடித்தார்கள், டெஸ்ட் வைக்கிற அதே பாதையில்தான் தினமும் ஓட்டினேன், எந்த மரத்துக்கு நேராக ஸ்டீயரிங்கை ஒடிக்க வேண்டும் என்பதுவரை மனப்பாடம். தேறியும்விட்டேன். சொந்த வண்டியில் முதல் முறை மேட்டில் நிறுத்தி எடுக்கும்போதுதான் தெரிந்தது, அதுவரை மேட்டில் வண்டியைக் கிளப்பியது என் கால் இல்லை, பக்கத்திலிருந்தவர் கால் என்று. வண்டி பின்னால் உருண்டு, நின்றுகொண்டிருந்த ஒரு ஸ்கூட்டர் மேல் சாய்ந்தது. நல்ல வேளை, அதில் யாரும் இல்லை.

என்னை ஓட்டுநராக ஆக்கியது அம்மாதான். நாலு மாதம் தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் செய்யச் சொன்னது ஒன்றுதான், பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டு. "முன்னால் பஸ் நிற்கிறது, பின்னாலிருந்து யாராவது ஓடிவரலாம், வேகத்தைக் குறைக்கிறேன். அந்தக் கார் சக்கரம் திரும்பியிருக்கிறது, வெளியே வரப்போகிறது." முதலில் கூச்சமாக இருந்தது. ஆனால் நான் எதைப் பார்க்கவில்லை என்பது அம்மாவுக்கு உடனே தெரிந்துவிடும், கத்த வேண்டிய அவசியமே வராது. புதிதாக ஓட்டுபவர் கண் பானட்டுக்கு முன்னால் பத்தடியில்தான் இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம், பத்தடியைப் பார்த்து என்ன செய்வது? வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நாலு மடங்காகும் என்பதையும் புத்தகத்தில் படித்தால் ஏறாது. காலியான ரோட்டில் 20-லும் 40-லும் பிரேக் போட்டுவிட்டு இறங்கி காலடியால் அளந்து காட்டினார் அம்மா.

மணிக்கணக்கு முக்கியம் என்பது நான் மட்டும் சொல்வது இல்லை. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் 25 வயதுக்குக் கீழே உள்ள பழகுநர் 120 மணி நேரம் ஓட்டியதாகப் பதிவேட்டில் எழுதிக் காட்ட வேண்டும், அதில் 20 மணி இரவில். ஸ்வீடனில் 1993-ல் பழகத் தொடங்கும் வயதை 16 ஆகக் குறைத்தார்கள், உரிமம் தருவது மட்டும் அதே 18-ல். அந்த இரண்டு வருடத்தை நன்றாகப் பயன்படுத்தியவர்கள் பிறகு தனியாக ஓட்டும்போது விபத்தில் சிக்கியது குறைவு என்று தெரியவந்தது. அக்கறையான குடும்பங்கள்தான் அதிகம் பயன்படுத்தியிருக்கும், அதுவும் ஒரு காரணம்தான். ஆனாலும் இவ்வளவு மணி நேரம் எந்த ஸ்கூலும் உட்காராது, பெற்றவர்கள்தான் உட்கார வேண்டும்.

சாவிக்கொத்து எழுதியது:

சுருக்கமாக இரண்டு விஷயம். இன்சூரன்ஸ் தாளை எடுத்து, பழகுபவர் ஓட்டும்போது இடித்தால் பணம் தருவார்களா, பக்கத்தில் இருப்பவருக்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். பிரேக்கையும் பழக்குங்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள வண்டியில் முழு பலத்தோடு மிதித்தால் பெடல் காலடியில் துடிக்கும், முதல் முறை அதை உணர்கிறவர்கள் ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுகிறார்கள். எடுக்கக்கூடாது, அழுத்தியபடியே இருக்க வேண்டும். காலியான இடத்தில், பின்னால் யாரும் இல்லாதபோது, ஒரு தடவையாவது அந்தத் துடிப்பை அவள் காலால் உணர்ந்துவிட வேண்டும்.

இன்னொன்று சொன்னால் கோபிக்காதீர்கள். நீங்கள் 22 வருடம் ஓட்டியதில் 18 வருடத்தை அவள் பின்சீட்டிலிருந்து பார்த்திருக்கிறாள். போன் வந்தால் எடுப்பீர்களா, ஒரு கையில் ஓட்டுவீர்களா, இண்டிகேட்டர் போடாமல் திரும்புவீர்களா, எல்லாம் அவளுக்குத் தெரியும். பாடம் எப்போதோ ஆரம்பித்துவிட்டது.

இரண்டாவது_கியர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மழைச்சாலை எழுதியதை மனைவியிடம் படித்துக் காட்டினேன், அப்புறம் மகளிடம் போய், கத்தியது என் தப்பு என்று சொன்னேன். "சுவர்ல இடிச்சிருந்தாக்கூட பரவாயில்லப்பா, நீங்க கத்தினதுதான் பயமா இருந்துச்சு" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

இரண்டு ஸ்கூல் பார்த்தோம். முதல் இடத்தில் பின்சீட்டில் உட்கார விடமாட்டோம் என்றார்கள், வந்துவிட்டோம். இரண்டாவது இடத்தில் நான் கேட்பதற்கு முன்னாலேயே "உட்காருங்க, பாருங்க" என்றார்கள். பத்து வகுப்பு அங்கே. பாதி முடிந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு. நேற்று நான் தனியாகப் போய், ஆக்ஸிலேட்டர் தொடாமல் அந்தக் கிளட்ச் இடத்தைத் தேடிப் பார்த்தேன். சத்தம் கனத்து இறங்குவதை 22 வருடத்தில் முதல் தடவையாகக் கவனித்தேன்.

இரட்டை_பிரேக் சாருக்கு இன்னும் ஒரு கேள்வி. உரிமம் வந்த உடனே தோழிகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று இப்போதே திட்டம் போடுகிறாள். விடலாமா?

இரட்டை_பிரேக் எழுதியது:

உடனே வேண்டாம் சார். தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்கள்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானவை, அதே வயதுப் பிள்ளைகள் கூட ஏறினால் ஆபத்து இன்னும் கூடுகிறது. வண்டிக்குள் பேச்சும் சிரிப்பும் இருக்கும்போது, பழகியவருக்குக் கை தானாக வேலை செய்யும். புதியவருக்கு ஒவ்வொன்றையும் நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும். நியூசிலாந்தில் 1987-லேயே இதைச் சட்டமாக்கினார்கள். டெஸ்ட் தேறினாலும் முதல் கட்டத்தில் இரவு 10 மணியிலிருந்து காலை 5 வரை தனியாக ஓட்டக்கூடாது, அனுபவமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல் நண்பர்களை ஏற்றக்கூடாது. உங்கள் இடத்தில் சட்டம் இருக்கிறதோ இல்லையோ, வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் உரிமம் வந்த அன்றைக்கு இதைச் சொல்லாதீர்கள், தண்டனை மாதிரி இருக்கும். இப்போதே, வகுப்பு நடக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். முதல் மாதம் பகலில், தெரிந்த பாதையில், தனியாக. அப்புறம் ஒரே ஒரு தோழி. எந்த மாதம் எது என்பதை அவளையே எழுதச் சொல்லுங்கள்.