1990 ஃபன்ஹவுஸ் பின்பால்: சரிசெய்து விற்பதா, இருக்கிறபடியே தள்ளிவிடுவதா?

படி13:
வணக்கம். சிகாகோவின் மேற்குப் புறநகரில் இருக்கிறேன். வீட்டின் அடித்தளத்தில் ஒரு காலத்தில் ஐந்து பின்பால் இயந்திரங்கள் இருந்தன (கண்ணாடி மூடிய சாய்வான பலகையில் எஃகுக் குண்டைத் தட்டி ஆடும் ஆட்டம்). பிள்ளைகள் இருவரும் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். மே மாதம் நாங்களும் மாடிப்படி இல்லாத சிறிய வீட்டுக்குப் போகிறோம். நான்கை விற்றாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: வில்லியம்ஸ் நிறுவனம் தயாரித்த ஃபன்ஹவுஸ், பாட் லாலர் வடிவமைத்தது. சிகாகோவிலேயே பிறந்த சரக்கு.

ஆடாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் ரூடி என்றொரு பொம்மைத் தலை உண்டு. குண்டு எங்கே போனாலும் கண்ணை உருட்டிப் பார்க்கும், ஓயாமல் நக்கலடிக்கும். ஆட்டத்திலுள்ள கடிகாரம் நள்ளிரவைத் தொட்டால் வாயைப் பிளந்து தூங்கிவிடும். ஆட்டத்தின் நடுவே இயந்திரம் பூட்டிவைத்த குண்டுகளை வெளியே கொண்டுவர, அந்தத் திறந்த வாய்க்குள் குண்டை அடிக்க வேண்டும்.

ஒரு மாதமாக ரூடி வாய் திறப்பதில்லை. கண் உருளுகிறது, பேச்சும் வருகிறது. வாய் மட்டும் பல்வலிக்காரனுக்கு இறுகியதுபோல் மூடியே கிடக்கிறது. நள்ளிரவு ஆனாலும் பயனில்லை.

2009இல் 1,900 டாலருக்கு வாங்கினேன். இப்போது வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, இருக்கிறபடியே 3,500 தருகிறேன் என்கிறார். என் மனைவி, கொடுத்துத் தலைமுழுகுங்கள் என்கிறாள். எனக்கு மனம் வரவில்லை. நானே சரிசெய்து 6,000 கேட்டால் போகுமா?

ஈயப்பற்று:
வாய் கிடக்கட்டும் சார். பின்பெட்டியை, அதாவது பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டியைத் திறந்து பேட்டரியைப் பார்த்தீர்களா?

படி13:
இப்போதுதான் பார்த்தேன். மூன்று ஏஏ பேட்டரிகள். மேலே என் கையெழுத்தில் 2016 என்று எழுதியிருக்கிறது. ஒன்றின் நுனியில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி, கீழே மின்சுற்றுப் பலகையில் லேசான பச்சை. வெட்கமாக இருக்கிறது.

ஈயப்பற்று:
வெட்கப்பட வேண்டாம், பாதி வீடுகளில் இதே கதைதான். மெஷினை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, முதலில் அந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள். அவை அமைப்புகளையும் அதிகப் புள்ளிகளையும் நினைவில் வைப்பதற்குத்தான். இல்லாவிட்டாலும் மெஷின் ஓடும். கசிந்த காரம் பலகையின் செப்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். பக்கத்திலுள்ள சிப்கள் கெட்டால், குண்டு பட்டாலும் சுவிட்சுகள் உணராது. பலகையைக் கழற்றி, பொடி படிந்த இடத்தை வெள்ளை வினிகரால் துடையுங்கள், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் கழுவிக் காயவிடுங்கள். இனிமேல் அங்கே பேட்டரி வேண்டாம். பேட்டரி தேவைப்படாத நினைவகச் சிப் கிடைக்கிறது.

வாய்க்கு வருவோம். நாணயக் கதவுக்கு உள்ளே இருக்கும் பொத்தான்களை அழுத்திச் சோதனைப் பட்டியலுக்குள் போய், தலையை மட்டும் இயக்கிப் பாருங்கள். அசையும் பாகம் என்பதால் வயர் ஆடி ஆடி ஈயப்பற்று விட்டுப்போவது சகஜம். (என் பெயரே அதுதான்.) ரூடியின் முகத்தில் விரிசல் உண்டா? தாடை ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

படி13:
விரிசல் இல்லை. சூதாட்டப் பொருளை வீட்டில் வைக்கலாமா என்று ஊரிலிருந்து வந்த என் அப்பா கேட்டதற்கு நான் சிரித்தேன். பிறகுதான் தெரிந்தது, நியூயார்க் நகரமே 1942 முதல் 1976 வரை இதைத் தடை செய்து வைத்திருந்தது. அவர் ஊர் திரும்புவதற்குள் ரூடியைத் திட்டிக்கொண்டே தினமும் ஆடினார். அதனால்தான் வியாபாரி கையில் கொடுக்கத் தயங்குகிறேன்.

கொலம்பஸ்காரன்:
விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தில் ஆளாளுக்குக் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். முகம் முழுசாக இருப்பது பெரிய விஷயம், நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள். கூடவே ஆட்டப் பலகையில் சாயம் போன இடத்தையும், வெயில் பட்டு வெளுத்த பக்கவாட்டையும் நீங்களே காட்டிவிடுங்கள். வாங்க வருபவர் கண்ணில் அவை முதலில் பட்டால் 500 டாலர் குறைப்பார். நீங்கள் சொன்னால் 100 குறைப்பார்.

இன்னொன்று. பார்க்காமலேயே வாங்குகிறேன், வங்கிக் காசோலை அனுப்புகிறேன், லாரிக்காரருக்குத் தர வேண்டியதையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன் என்று எவராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். காசோலை முதலில் உங்கள் கணக்கில் ஏறியதுபோல் தெரியும். மிச்சத்தை நீங்கள் அனுப்பிய பிறகு அது போலி என்று வங்கி சொல்லும். என் மைத்துனர் அப்படி 1,200 இழந்தார்.

சும்மா_படிப்பவன்:
நான் மாறாகச் சொல்வேன். மே மாதம் வீடு மாறுகிறீர்கள், இந்த நேரத்தில் ஈயம் காய்ச்சும் வேலை தேவையா? 3,500 வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் பெட்டி கட்டுங்கள்.

ஈயப்பற்று:
நீங்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் அரை மணி நேரப் பழுதுக்கு 2,000 டாலரை விட்டுக்கொடுக்க வேண்டுமா?

படி13 (மூன்று வாரங்களுக்குப் பின்):
எல்லோருக்கும் நன்றி. தலைக்குப் பின்னால் ஒரு வயர் நூல்போல் தொங்கிக்கொண்டிருந்தது. ஈயம் வைத்தேன், ரூடி வாயைப் பிளந்தான். அரை மணி நேரம் என்றார் ஈயப்பற்று; எனக்கு ஒரு ஞாயிறு முழுக்க ஆனது. மின்சுற்றுப் பலகையையும் சொன்னபடி கழுவிவிட்டேன்.

5,600 கேட்டேன், 5,400க்கு முடிந்தது. வாங்கியவர் இரண்டு மணி நேரம் வண்டியோட்டி வந்த பள்ளி ஆசிரியர். வந்ததும் மேலிருந்து பார்க்காமல் குனிந்து, கண்ணாடி வழியாகச் சாய்வாக ஆட்டப் பலகையைப் பார்த்தார். விவரமானவர் என்று அப்போதே புரிந்தது. நான்கு ஆட்டம் ஆடிவிட்டு ரொக்கமாகக் கொடுத்தார்.

தூக்கியதுதான் பாடு. சுமார் 120 கிலோ, பதின்மூன்று படி. குண்டுகளை முதலில் வெளியே எடுத்தோம்; நிமிர்த்தும்போது உள்ளே உருண்டு ஆட்டப் பலகையைக் கொத்திவிடும். பின்பெட்டியை மடித்துக் கட்டி, நான்கு கால்களையும் கழற்றி, தள்ளுவண்டியில் நிமிர்த்தி வைத்து, ஒவ்வொரு படியாக ஏற்றினோம். ஏழாவது படியில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். என்னைவிட இருபது வயது இளையவர் அவர், அவரும் உட்கார்ந்தார்.

வண்டியில் ஏற்றியபோது உள்ளே கலகலவென்று சத்தம். குண்டு ஒன்றை மறந்துவிட்டோமோ என்று நாணயக் கதவைத் திறந்தார். காசுப் பெட்டிதான். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது ஓர் ஆட்டத்துக்குக் கால் டாலர் போடச் சொல்லியிருந்தேன். பிறகு இலவச ஆட்டமாக மாற்றியவன் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவர் நின்றுகொண்டே எண்ணினார், 47 நாணயங்கள். என் கையில் 11 டாலர் 75 சென்ட்டைக் கொட்டிவிட்டு, அப்படியானால் நான் குறைத்தது 200 இல்லை, 188 சொச்சம்தான் என்றார்.