குவாம் தீவு கோகோ பறவை: பாம்பு இருக்கிற ஊருக்கே எப்படி திருப்பி விடுறது?

கானாங்கோழி:
பசிபிக் கடல்ல இருக்கிற அமெரிக்கத் தீவு குவாம்ல கோகோன்னு ஒரு பறவை, நம்ம கானாங்கோழிக்கு சொந்தம்தான், பறக்க வராது. ரெண்டாம் உலகப் போருக்கு அப்புறம் ராணுவ சரக்கோட வந்த பழுப்பு மரப்பாம்பு முட்டை குஞ்சுன்னு எல்லாத்தையும் தின்னு தீர்த்துடுச்சாம். 80கள்ல கடைசியா 21 பறவையைப் பிடிச்சு கூண்டுல வச்சு பெருக்கியிருக்காங்க. சரி, பெருக்கியாச்சு, பாம்பு இன்னும் அங்கேயேதானே இருக்கு? எங்க கொண்டு போய் விடுவாங்க?

ராஜி:
குவாம்ல விடல, அதான் விஷயம். 1989ல இருந்து பக்கத்து ரோட்டா தீவுல விட்டுப் பாத்தாங்க, அங்க பாம்பு இல்ல, ஆனா பூனை இருந்துச்சு, கூண்டுலயே பொறந்த குஞ்சுக்கு பூனைன்னா என்னன்னே தெரியாதே, நிறைய செத்துப் போச்சு. வருஷக்கணக்கா திரும்பத் திரும்ப விட்டுத்தான் அங்க நிலைச்சுது. 2010ல குவாமை ஒட்டியிருக்கிற கோக்கோஸ் குட்டித்தீவுல எலியை ஒழிச்சுட்டு அப்புறம்தான் விட்டாங்க. 2019ல 'காட்டில் அற்றுப்போனது'ங்கிற பட்டியல்ல இருந்து வெளிய வந்துடுச்சு, கலிபோர்னியா காண்டார்ங்கிற பிணந்தின்னிக் கழுகுக்கு அப்புறம் இப்படி வந்த ரெண்டாவது பறவை இதுதான். எனக்கு அதைப் படிச்சப்போ கண்ணு கலங்கிடுச்சு.

மணி_கோவை:
அதே தீவு மீன்கொத்தி சிஹெக் கதையும் பாருங்க. 1988க்கு அப்புறம் காட்டுல யாரும் பாக்கல, கூண்டுல மட்டும்தான். 2024ல 9 பறவையை பல்மைரா பவளத்தீவுல விட்டாங்க, அது குவாம்ல இருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. அடுத்த வருஷமே முட்டை போட்டுச்சு!

கானாங்கோழி:
ஆனா அது அதோட ஊரு இல்லையே. சொந்த ஊருக்கு எப்பதான் போகும்?

ராஜி:
பாம்பு அடங்கினாத்தான். செத்த எலிக்குள்ள 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வச்சு, காகிதப் பட்டை கட்டி ஹெலிகாப்டர்ல இருந்து போடுறாங்க, பட்டை மரக்கிளைல மாட்டிக்கும், பாம்பு தின்னா செத்துடும். நமக்கு காய்ச்சல் மாத்திரை, அதுக்கு விஷம். ஆனா அது காட்டுல ஒரு பகுதியைத்தான் காப்பாத்தும், மொத்த தீவையும் இல்ல.

மணி_கோவை:
ஒண்ணு விட்டுட்டீங்க ராஜி, 2020ல கோக்கோஸ்லயும் அந்தப் பாம்பைக் கண்டுபிடிச்சுட்டாங்க. அதனால இப்ப அங்கயும் ராத்திரி டார்ச் அடிச்சு மரம் மரமா தேடிப் பிடிக்க வேண்டியிருக்கு. குஞ்சு பொரிக்க வைக்கிறதை விட இந்த வேலைதான் கஷ்டம்னு தோணுது எனக்கு.