கடலோர வீட்டுக்குப் பழைய அக்கார்டியன் வாங்கலாமா?

தங்கச்சிமடத்தான்:
எங்கள் ஊர்ச் சர்ச்சில் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக நடக்க முடியவில்லை, கீபோர்டு என்றால் ஸ்பீக்கர், பேட்டரி என்று அதற்குத் தனியாக ஒரு ஆள் வேண்டும். மதுரையில் ஒருவர் தன் அப்பா வாசித்த வெல்ட்மைஸ்டர் கம்பெனி அக்கார்டியனை (தோளில் மாட்டி, துருத்தியை இழுத்து வாசிக்கிற பெட்டி) 30,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். 80 பேஸ் (இடது கைப் பொத்தான்கள்), 37 கட்டை, போட்டோவில் சிவப்பாகப் பளபளவென்று இருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எங்கள் வீடு கடலுக்கு ரொம்பப் பக்கம்.

பழைய பேண்டுக்காரன்:
தம்பி, பளபளப்பை விடுங்கள், துணியால் துடைத்தால் எதுவும் மின்னும். முதலில் துருத்தி. மேலும் கீழும் உள்ள வார்களைக் கழற்றி, எந்தக் கட்டையையும் தொடாமல், கட்டைப் பக்கத்தைப் பிடித்துத் தூக்குங்கள். பேஸ் பக்கம் தன் கனத்தில் மெல்ல இறங்க வேண்டும், சடாரென்று இறங்கினால் எங்கேயோ காற்று ஒழுகுகிறது. அப்புறம் ஒவ்வொரு கட்டையையும் துருத்தியை இழுத்தும் கேளுங்கள், அமுக்கியும் கேளுங்கள், ஏனென்றால் இதில் இழுப்புக்கு ஒரு நாக்கு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கிற ரீடுத் தகடு), அமுக்கத்துக்கு வேறு நாக்கு. ஒன்று ஊமையாக இருந்தாலும் மற்றது பாடும், அவசரத்தில் தெரியாது. ஒரே சுரத்துக்கு இரண்டு ரீடு சேர்ந்து லேசாக நடுங்கினால் சுருதி போய்விட்டது என்று பயப்படாதீர்கள், அதை வேண்டுமென்றே அப்படித்தான் வைப்பார்கள். அக்கம்பக்கத்துக் கட்டையெல்லாம் சீராக இருக்க ஒன்று மட்டும் கடகடவென்று நடுங்கினால்தான் கோளாறு.

கச்சான் காற்று:
மண்டபம் ஊரிலிருந்து எழுதுகிறேன். உள்ளே திறந்து காட்டச் சொல்லுங்கள், துருத்தி ஓரத்துச் சின்ன ஆணிகளை உருவினால் பெட்டி பிரிந்துவிடும். உங்கள் ஆர்மோனியத்தில் இருப்பது பித்தளை ரீடு, நம் ஊர்க் காற்றுக்குக் கறுத்தாலும் சமாளிக்கும். இதில் நாக்கு எஃகு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே துரு விட்டுவைக்கவில்லை, இந்தத் தகடு எம்மாத்திரம்! ரீடுகளை மரத்தில் பிடித்திருக்கும் மெழுகையும் பாருங்கள். நகம் பட்டால் கொஞ்சம் கொடுக்க வேண்டும், பொடிப்பொடியாக உதிர்ந்தால் எல்லாவற்றையும் கழற்றிப் புது மெழுகு ஊற்ற வேண்டிவரும்.

தங்கச்சிமடத்தான்:
நன்றி அண்ணே. வீடியோ காலில் திறந்து காட்டினார். சில நாக்குகளில் புள்ளி புள்ளியாகத் துரு, மெழுகு பழுப்பேறி ஒரு வரிசையில் கோடு விட்டிருக்கிறது, தோல் வால்வு (ரீடுக்குக் காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுகிற தோல் துண்டு) சிலது சுருண்டு நிற்கிறது. எங்கள் ஆர்மோனிய ரிப்பேர்காரர், கொண்டு வா, அரம் போட்டுச் சரி பண்ணிவிடலாம் என்கிறார்.

பழைய பேண்டுக்காரன்:
அரத்தைக் கிட்டவே விடாதீர்கள்! ராவிப்போன எஃகு திரும்ப வராது. அழுக்கு, தோல், மெழுகு எல்லாம் சரியான பிறகுதான் சுருதியில் கைவைக்க வேண்டும், பாதி ரீடு அதிலேயே தன்னால் சரியாகிவிடும். தோல் மாற்றுவது பெரிய வேலை இல்லை. மெழுகு வேலைதான் செலவு, அதற்குத் தெரிந்த ஆளிடம் கூலி கேட்டு 30,000இல் கழித்துக்கொண்டு பேசுங்கள். இறங்கி வரவில்லையா, விட்டுவிடுங்கள்.

கச்சான் காற்று:
வாங்கினால் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, வாசிக்கும்போது இருக்கிற மாதிரி நிமிர்த்தியே வையுங்கள், படுக்கவைத்தால் வால்வுத் தோல் தொங்கிச் சுருளும். ஈரம் போகட்டும் என்று வெயிலில் வைக்கிற பழக்கம் நமக்கு உண்டு, இதற்கு அது எமன். தேன்மெழுகு 60 டிகிரிக்குச் சற்று மேலேதான் உருகும், ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே இளகி ரீடு நகர்ந்துவிடும். மூடிய காரிலும் விடாதீர்கள். துருவுக்குப் பயந்து ரீடில் எண்ணெய் தடவவும் வேண்டாம், தூசி ஒட்டி நாக்கு நின்றுபோகும். தினமும் கொஞ்சமாவது வாசியுங்கள், வருஷத்துக்கு ஒரு மாதம்தான் எடுப்பேன் என்றால் இங்கே அது பிழைக்காது.

தொண்டி வாசகன்:
யாரும் கனத்தைப் பற்றிப் பேசவில்லையே? 80 பேஸ் எட்டு கிலோ பக்கம் வரும், ராத்திரி முழுக்கத் தோளில் தொங்கப்போவது அதுதான். கேரல் பாட்டுக்கு நாலைந்து கார்டு (சேர்ந்தொலிக்கிற சுரக் கூட்டு) போதும், 48 பேஸில் தாராளமாக அடங்கும். மதுரைக்காரருக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன் அதையும் விசாரித்துப் பாருங்கள்.