புதுப்பிப்பு: தேன்சிட்டின் நிறம் படத்தில் விழுந்துவிட்டது

கொல்லைப்புறச் செம்பருத்திக்கு வரும் ஆண் ஊதாத் தேன்சிட்டு படத்தில் வெறும் கருப்பாகவே விழுகிறது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வழி கிடைத்துவிட்டது. அந்த மினுமினுப்பு இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் மாறினால் கருப்புதான். அதனால் காலை வெயில் என் முதுகுப் பக்கம் இருக்கும்படி கிணற்றடியில் உட்கார்ந்து, கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/2000 நொடியில் வைத்து எடுத்தேன். சிட்டு கழுத்தைத் திருப்பியதும் நீலமும் ஊதாவும் என்னமாய்த் தகதகத்தது! பூவின் வாய்ப்பக்கம் போகாமல், அடியில் அலகால் துளைபோட்டுத் தேன் உறிஞ்சுவதும் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

அப்புறம், பெண் சிட்டு கூடு கட்டச் சிலந்தி நூல் சேர்க்க ஆரம்பித்திருக்கிறது. கூட்டைப் படம் எடுக்கமாட்டேன், தயவுசெய்து கேட்காதீர்கள். பக்கத்தில் நடமாடினால் காக்கைக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.