புதுப்பிப்பு: நூலகக் கட்டடத்துக்கு மானியம் கிடைத்துவிட்டது, வேலை தொடங்கவில்லை

எங்கள் நகராட்சி புது நூலகக் கட்டடத்துக்கு அரசு மானியம் கேட்டு விண்ணப்பித்திருப்பதைப் பற்றிப் போன பதிவில் எழுதியிருந்தேன். அனுமதி வந்ததும் வேலை ஆரம்பிக்குமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆணை வந்துவிட்டது. டெண்டர் இன்னும் விடாததால் வேலை ஆரம்பிக்கவில்லை.

ஆணையை முழுசாகப் படித்தேன். பணம் மொத்தமாக வராது. முதல் தவணையைச் செலவழித்து, பயன்பாட்டுச் சான்றிதழ் (பணத்தை உரிய வேலைக்கே செலவழித்தோம் என்ற சான்று) அனுப்பினால்தான் அடுத்த தவணை. நகராட்சியும் தன் பங்கைப் போட வேண்டும். செலவு 100 என்றால் அரசு 80, நகராட்சி 20. மானியத்துக்கு உச்சவரம்பு இருப்பதால், சிமெண்ட், கம்பி விலை ஏறி செலவு 110 ஆனாலும் அரசு தருவது அதே 80தான். நகராட்சியின் 20, 30 ஆகிவிடும். அதாவது, ஒன்றரை மடங்கு! டெண்டர் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் எனக்குப் பதைப்பாக இருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. மானியம் கட்டடத்துக்கு மட்டும். நூலகர் சம்பளம், மின்கட்டணம், கூரை ஒழுகினால் பழுதுபார்க்கும் செலவு எதுவும் அதில் சேராது. மதிப்பீட்டில் சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தைத் தனியாகக் காட்டியிருக்கிறார்கள், மனசு நிறைந்தது. பராமரிப்புக்கு ஒரு வரிகூட இல்லை. கட்டி முடித்துப் பூட்டிப் போட்டால் யாருக்கு லாபம்?

அடுத்த மன்றக் கூட்டத்துக்குள், பராமரிப்புக்கு பட்ஜெட்டில் தனியாக நிதி ஒதுக்கித் தீர்மானம் போடச் சொல்லி மனு கொடுக்கிறோம். டெண்டர் நகல் கேட்டவர்களுக்கு: இன்னும் விடவில்லை, விட்டதும் பகிர்கிறேன்.